காவேரிக் கரைக்கு ஒரு பை நிறையப் புத்தகம்

கும்பகோணத்துக்குப் போய் வருகிறேன் என்று வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். ஆளுக்கு ஒன்று சொல்லி அனுப்புவார்கள். "கொழுந்து வெற்றிலை வாங்கி வா" என்பார் மாமியார். "திருபுவனம் பட்டை மறந்துவிடாதீர்கள், மன்னி" என்பாள் நாத்தனார். "காப்பி ஃபில்டர் வாங்கினால் அங்கே பித்தளையிலே வாங்குங்கள்" என்று அடுத்த வீட்டு மாமி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொல்லுவாள். எந்தக் கோயிலில் எந்த நேரம் நடை சாத்துவார்கள், எங்கே காப்பி நன்றாக இருக்கும் என்பதெல்லாம் தானாகவே வந்து சேரும்.

ஆனால், "போவதற்கு முன் இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போ" என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பட்டும் வெற்றிலையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சகோதரிகளே! தாராளமாக வாங்குங்கள். ஆனால் அந்தப் பையிலேயே ஓரமாக நாலு புத்தகத்துக்கும் இடம் வையுங்கள். சென்னையிலிருந்து தஞ்சாவூர் வரை மூன்று நாள் பிரயாணம். வழி நெடுக ஊருக்கு ஒரு புத்தகம் காத்திருக்கிறது. சரித்திரம், துப்பறியும் கதை, சுயசரிதை, கணிதமேதையின் வாழ்க்கை, காதல், சமையல் என்று யாருக்கு எது பிடிக்குமோ அது கிடைக்கும். இன்னொரு விசேஷமும் உண்டு. ஒருவர் வாய்மொழியால் இன்னொருவர் கைக்குப் புத்தகம் போய்ச் சேர்ந்த கதைகள் இந்தச் சீமையில் இருப்பதுபோல் வேறு எங்கும் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

வீராணம் கரையில்

ரயிலில் போனால் சௌகரியம்தான். இருந்தாலும் இந்த ஒரு தடவை சாலை வழியாகப் போங்கள். சேத்தியாத்தோப்பு தாண்டிக் காட்டுமன்னார்கோயில் போகும் சாலையில் ஏரிக்கரை உங்களுடன் கூடவே வரும். அதுதான் வீராணம். வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தக சோழனின் பட்டப் பெயர். ஆயிரம் ஆண்டுக்கு முன் வெட்டிய ஏரி. 2004-ஆம் ஆண்டு முதல் சென்னைக்கும் குடிநீர் கொடுத்து வருகிறது. உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரிலும் சோழர் காலத்துச் சொட்டு ஒன்று கலந்திருக்கலாம்!

இங்கே படிக்க வேண்டியது எது என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இந்தக் கரையில்தான் தொடங்குகிறது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரை மீது இந்தக் கரையோரமாக வருகிறான். எழுபத்து நான்கு மதகுகளை எண்ணிக்கொண்டே வருகிறான். சித்ரான்னம் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்திருக்கிறார்கள். 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வெளிவந்த இந்தக் கதையை, பத்திரிகைத் தாள்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்துக்கொண்ட வீடுகள் எத்தனையோ! பாட்டியின் பைண்டு இன்னும் உங்கள் பரணில் இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. ஐந்து பாகமா என்று மலைக்க வேண்டாம். முதல் பாகத்தை மட்டும் படித்துவிட்டுப் புறப்படுங்கள். மற்ற நாலும் திரும்பி வந்ததும் தாமாகவே உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

காட்டுமன்னார்கோயிலில் கொஞ்சம் இறங்குங்கள். நாதமுனிகள் பிறந்த ஊர். வைணவ மரபில் ஒரு வரலாறு சொல்லுவார்கள். அந்தக் கோயிலுக்கு வந்த யாத்ரீகர்கள் சிலர், கும்பகோணத்துப் பெருமாளைப் பற்றிப் பத்துப் பாசுரங்கள் பாடினார்களாம். ஆயிரம் பாசுரத்தில் இவை பத்து என்று பாட்டிலேயே இருந்தது. மீதி எங்கே என்று கேட்டார் நாதமுனிகள். தங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்றார்கள் வந்தவர்கள். நாதமுனிகள் அதோடு விடவில்லை. பாடியவர் பிறந்த திருக்குருகூருக்கே தேடிக்கொண்டு போனார். ஆயிரம் கேட்கப் போனவருக்கு ஆழ்வார்கள் அனைவரின் நாலாயிரமும் கிடைத்தன என்பது மரபு.

பாடினவர்களின் பெயரைக்கூட யாரும் குறித்து வைக்கவில்லை. தங்களுக்குத் தெரிந்த பத்தைப் பாடிவிட்டுத் தங்கள் வழியே போய்விட்டார்கள். அந்தப் பத்தையும் அவர்கள் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பட்டு நெய்யும் தெருவும் சாம்புவும்

அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்தால் தஞ்சைச் சீமை. 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை அது. இனி வாய்க்காலும் வயலும் தென்னையும்தான். கும்பகோணத்துக்குள் நுழைந்ததும் தங்கும் இடத்தில் மூட்டையை இறக்கிவிட்டு, கிழக்கே ஒரு நடை போய் வாருங்கள்: முதலில் திருபுவனம், அதற்கு அடுத்தாற்போல் திருவிடைமருதூர்.

புடவை எடுக்க உட்காரும் முன் எம். வி. வெங்கட்ராமின் 'வேள்வித் தீ'யைப் படித்திருந்தால் நல்லது. கும்பகோணத்தில் பிறந்து, பட்டு ஜரிகை வியாபாரமும் பார்த்தவர் அவர். 1993-ல் 'காதுகள்' நாவலுக்காக சாகித்திய அகாதமி பரிசு பெற்றார். சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்களின் வாழ்க்கையை, தறி மேடையில் உட்கார்ந்து பார்த்தவர்போல் 'வேள்வித் தீ'யில் எழுதியிருக்கிறார். சந்தோஷமாகக் கண்ணை மூடவைக்கும் கதை அல்ல. தூக்கத்தைக் கெடுக்கும் கதை. படித்த பிறகு கடையில் போய், "இவ்வளவு விலையா?" என்று கேட்க வாய் வராது. விரலில் பாவு இழை அறுத்த தழும்போடு இருக்கிற மனுஷர்கள் கண்முன் வந்து நிற்பார்கள்.

மனசு கனத்துப் போயிற்றா? திருவிடைமருதூரில் மருந்து இருக்கிறது. 'துப்பறியும் சாம்பு'வை எழுதிய தேவன் 1913-ல் பிறந்தது இந்த ஊரில்தான். பாங்கி குமாஸ்தாவான அசட்டுச் சாம்பு தப்புத் தப்பாக எதையோ செய்யப்போக, திருடன் தானாக வந்து மாட்டிக்கொள்ளுவான். ஊரே சாம்புவை மகா மேதாவி என்று கொண்டாடும். மனைவி வேம்புவும் அதை நம்புவாள்! ரயிலிலோ காரிலோ குழந்தைகள் சண்டை போட்டுக்கொண்டு வந்தால் ஒரு சாம்பு கதையை உரக்கப் படியுங்கள். சிரிப்பில் சண்டை மறந்து போகும். பெரியவர்களுக்கு, கோர்ட்டு வழக்கை வைத்தே ஒரு நாவலை நடத்திக்கொண்டு போகும் அவருடைய 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' இருக்கிறது.

ஒரு முன்சீப் கேட்ட கேள்வி

இரண்டாம் நாள் கும்பகோணத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊருக்கான புத்தகம் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. அந்தப் புத்தகத்துக்குள் நடக்கும் ஒரு சம்பவத்துக்காகவே இந்தப் பிரயாணத்தை நான் சிபாரிசு செய்கிறேன்.

1880-ஆம் வருஷம். ஐயருக்கு வயது இருபத்தைந்து. கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதர் வேலைக்கு அப்போதுதான் வந்திருந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர் என்ற மதிப்பு வேறு. அந்த அக்டோபர் மாதத்தில், ஊருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று நீளமாக ஒரு பட்டியல் சொன்னார் ஐயர். முதலியார் முகத்தில் உற்சாகமே இல்லை. இதற்கும் முந்திய பழைய நூல்கள் ஏதாவது படித்ததுண்டா என்று கேட்டார். சிந்தாமணி உண்டா, சிலப்பதிகாரம் உண்டா, மணிமேகலை உண்டா என்றார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. யாரும் படிக்கச் சொன்னதும் இல்லை.

பிறகு முதலியாரே சீவக சிந்தாமணிப் பிரதி ஒன்றைக் கொடுத்தார். படிக்கப் படிக்கப் புரியாத இடங்கள் வந்தன. சிந்தாமணி ஜைன சமயத்து நூல். ஆகவே கும்பகோணத்தில் இருந்த ஜைனர்களைத் தேடிப் போனார் ஐயர். அங்கே ஒரு வீட்டு வாசலில் தோரணம் கட்டியிருந்தது. கல்யாணமோ என்று நினைக்கத் தோன்றும். கல்யாணம் இல்லை! ஆறு மாதமாக அந்த வீட்டில் சிந்தாமணி படித்து வந்தார்களாம், அன்றுதான் பூர்த்தியாயிற்றாம். அதற்காகத்தான் தோரணம்.

இந்த இடத்தில் புத்தகத்தைக் கொஞ்சம் மூடி வைத்துவிட்டு யோசித்துப் பாருங்கள். பையன் பரீட்சையில் பாஸானால் பாயசம் வைக்கிறோம். புது ஸ்கூட்டர் வந்தால் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போடுகிறோம். ஒரு நல்ல புத்தகத்தைப் படித்து முடித்ததற்கு நாம் என்றைக்காவது வாசலில் மாவிலை கட்டியிருக்கிறோமா?

1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. ஊர் ஊராக, வீடு வீடாகப் போய் ஓலைச் சுவடிகளைத் தேடினார் ஐயர். பல வீடுகளில் சுவடிகள் ஆற்றோடும் நெருப்போடும் போய்விட்டிருந்தன. போனது போக மிச்சம் இருந்ததைத் தேடிப் பிடித்தார். அவருக்கு அந்தத் தேட்டத்தை உண்டாக்கியது ஒரு வாசகர் இன்னொரு வாசகரிடம் கேட்ட, 'இதைப் படித்திருக்கிறீர்களா?' என்ற கேள்விதான்.

'என் சரித்திரம்' பார்வைக்குப் பெரிய புத்தகம். பயப்படாதீர்கள். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாரா வாரம் வந்தது. அதனால் அத்தியாயங்கள் சின்னச் சின்னவை. மத்தியான வேலை ஓய்ந்த பிறகு ஒன்று, படுக்கப் போகும் முன் ஒன்று என்று படிக்கலாம். 1942 ஏப்ரலில் ஐயர் காலமானதால் பாதியில் நிற்கிறது. நின்ற இடத்தில் நமக்குத்தான் ஏக்கமாக இருக்கும். குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டுமானால் அவருடைய 'நினைவு மஞ்சரி' கட்டுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒரு கதை மாதிரி.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் உத்தமதானபுரம் இருக்கிறது. அங்கே ஐயரின் வீட்டை நினைவு இல்லமாக்கியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் தஞ்சாவூர் போகும் வழியில் அங்கே எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

சாரங்கபாணி சந்நிதித் தெரு

கும்பகோணத்திலேயே சாரங்கபாணி கோயில் சந்நிதித் தெருவில் இன்னொரு வீடு. சின்ன ஓட்டு வீடு, வாசலில் திண்ணை. கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த வீடு. இப்போது நினைவு இல்லம்.

இங்கேயும் புத்தகக் கதை ஒன்று உண்டு. 1903 வாக்கில், டவுன் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த ராமானுஜனுக்கு ஒரு நண்பர் மூலமாக நூலகப் புத்தகம் ஒன்று கிடைத்தது. கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய கணக்குப் புத்தகம். ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், விளக்கம் மட்டும் அநேகமாகக் கிடையாது. சாதாரணப் பையன் என்றால் தலையணையாக வைத்துக்கொண்டிருப்பான். ராமானுஜன் ஒவ்வொன்றையும் தானே நிரூபித்துப் பார்க்க உட்கார்ந்தான். 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக்கிக்கொண்டது. இரவல் கொடுத்த புத்தகத்துக்கு இதைவிடப் பெரிய வட்டி யாருக்குக் கிடைத்திருக்கிறது? ராபர்ட் கனிகல் 1991-ல் எழுதிய ராமானுஜன் வரலாறு, கணக்கு என்றாலே காத தூரம் ஓடுகிறவர்களும் படிக்கக்கூடியது. அந்தக் காலத்துக் கும்பகோணத்தையும், பிள்ளைக்காகப் பாடுபட்ட தாய் கோமளத்தம்மாளையும் அதில் பார்க்கலாம்.

அதே தெருக்களில் நடக்கிற இன்னொரு கதை தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. சங்கீதம் பயிலும் பாபு, அவனைவிட வயதில் மூத்த யமுனா, சங்கீதமே மூச்சாக இருக்கும் ரங்கண்ணா. எல்லாரும் கூடி உட்கார்ந்து உரக்கப் படிக்கிற புத்தகம் அல்ல. தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியது. யமுனாவை முதலில் கோபித்துக்கொள்ளுவீர்கள். கடைசியில் அவளுக்காக வாதாடுவீர்கள். காவேரியை முழுவதும் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு, அவரும் சிட்டியும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி' இருக்கிறது. குடகிலிருந்து பூம்புகார் வரை கூடவே போய் வந்துவிடலாம்; டிக்கெட் செலவு இல்லை! நாதஸ்வரமும் சலங்கையும் வேண்டுமா? சிக்கல் சண்முகசுந்தரமும் மோகனாம்பாளும் போட்டி போடும் கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' இருக்கவே இருக்கிறது. 1968-ல் வந்த படத்தைப் பார்த்துவிட்டோம் என்று தள்ளிவிடாதீர்கள். படத்தில் அடங்காத எத்தனையோ மனிதர்கள் புத்தகத்தில் இருக்கிறார்கள்.

சாயங்காலம் பாத்திரக் கடைத் தெருவுக்கு அவசியம் போவீர்கள். பித்தளை ஃபில்டரைப் பேரம் பேசும்போது எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' நினைவுக்கு வராமல் போகாது. 1951-ல் முதல் பாகம் வந்தது. ருசியாகச் சமைத்த அம்மாளிடம் உறவினர்கள் ஓயாமல் செய்முறை கேட்டுக் கடிதம் எழுத, ஒரு புத்தகமாகவே எழுதிவிடேன் என்று அவருடைய மாமா சொன்னாராம். அன்று முதல் எத்தனை புதுப் பெண்களின் பெட்டியில் பட்டுப் புடவைக்கு அடியில் அது போயிருக்கிறது! அம்மா மகளுக்குக் கொடுப்பது, அந்த மகள் தன் மகளுக்குக் கொடுப்பது என்று மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையும் ஏறிய பிரதிதான் உயர்ந்த பிரதி.

இரண்டு பெண்களின் கதை

மூன்றாம் நாள் திருவையாறு. காவேரிக் கரையில் தியாகராஜ ஸ்வாமிகளின் சமாதி. கேட்பாரற்றுக் கிடந்த இந்த இடத்தை வாங்கி, தம் சம்பாத்தியத்தைச் செலவிட்டு 1920-களில் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் என்பது பலருக்குத் தெரியும். பெண்கள் இங்கே ஆராதனையில் பாடுவதற்கு இடமில்லாதிருந்த நாளில் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஆராதனை நடத்திய துணிச்சல்காரர்.

அவர் ஒரு புத்தகத்துக்கும் உயிர் கொடுத்தார். பதினெட்டாம் நூற்றாண்டில், தஞ்சாவூர் பிரதாபசிம்ம மகாராஜாவின் சபையில் முத்துப்பழனி என்ற பெண் கவி இருந்தார். தெலுங்கில் ஒரு காவியம் பாடினார். அவர் பெயரை வேறொரு நூலில் படித்த நாகரத்தினம்மாள் அந்தக் காவியத்தைத் தேடிப் பிடித்தார். முன்பு அச்சான பிரதியில் பாட்டுகள் சிலவும், ஆசிரியை தம்மைப் பற்றிச் சொன்ன பகுதியும் விடுபட்டிருப்பதைக் கண்டு, முழு நூலை 1910-ல் பதிப்பித்தார். சிருங்காரம் அதிகம் என்று கூச்சல் எழுந்தது; அரசாங்கம் தடை போட்டது. பல வருஷங்களுக்குப் பிறகுதான் தடை நீங்கியது. ஒரு பெண் எழுதியதை, நூற்றைம்பது வருஷம் கழித்து இன்னொரு பெண் தேடி எடுத்து, நாலு பேர் கையில் கொடுக்கப் போராடினாள். சமாதிக்கு எதிரே கைகூப்பியபடி சிலையாக இருக்கும் அந்த அம்மாளைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரஸ்வதி மகால்

பிரயாணம் தஞ்சாவூர் அரண்மனையில் முடிகிறது. எல்லாரும் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, தலையாட்டிப் பொம்மை வாங்கிக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள். நீங்கள் ஒரு மணி நேரம் சரஸ்வதி மகாலுக்கு ஒதுக்குங்கள். நாயக்கர் காலத்தில் தொடங்கி, 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மகாராஜா காலத்தில் பெருகிய நூலகம். காசி யாத்திரை போன ராஜா, கங்கைத் தீர்த்தத்தோடு சுவடிகளையும் சேர்த்துக்கொண்டு வந்தார். காட்சிக்கு வைத்திருக்கும் ஓலைகளையும் படங்களையும் பார்க்கலாம். அங்கே அச்சிட்ட நூல்களில் சரபோஜி காலத்து வைத்திய முறைகளும் உண்டு. பாட்டிக்கு வாங்கிக்கொண்டு போனால் கைவைத்தியத்துக்குப் புதுத் தெம்பு வந்துவிடும்.

ராஜா சேர்த்த ஐரோப்பியப் புத்தகங்களில் அவர் கையெழுத்துப் போட்டு வைத்தவை இன்னும் இருக்கின்றன. நாம் ராஜா இல்லை. நூலகம் கட்ட நம்மிடம் அரண்மனையும் இல்லை. ஆனால் கையெழுத்துப் போட ஒரு பேனா இருக்கிறது.

ஊர் திரும்பியதும் ஒரு காரியம் செய்யுங்கள். மேலே சொன்னவற்றில் எது உங்களுக்கு மிகவும் பிடித்ததோ, அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் உங்கள் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். வெற்றிலையை மாமியாரிடம் கொடுக்கும்போது, பட்டை நாத்தனாரிடம் கொடுக்கும்போது, இந்தப் புத்தகத்தை அடுத்த வீட்டு மாமியிடம் சுவருக்கு மேலாக நீட்டுங்கள். படித்து முடித்ததும் அவர் பெயரை உங்கள் பெயருக்குக் கீழே எழுதி, அதற்கடுத்த வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். புத்தகம் திரும்பி வருமா என்று கேட்கிறீர்களா? வராவிட்டால் போகட்டும். எந்த வீட்டுத் திண்ணையில் எந்தப் பெண் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, அடுப்பில் பால் பொங்குவதையும் மறந்து உட்கார்ந்திருக்கிறாளோ, யார் கண்டார்கள்?